அக்ராவில் மீன் என்ன விலை

என் வீட்டுக்காரர் அனுப்பும் பணம் கூடிக்கொண்டே போனதுதான் எனக்கு வந்த முதல் சந்தேகம். குறைந்திருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். வெளிநாடு போன ஆண்கள் அனுப்புகிற பணம் ஏன் குறைகிறது என்று ஓசூரில் எந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏறினாலும் கதை கேட்கலாம். கூடினால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

அவர் மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டுக்குப் போயிருந்தார். ஓசூரில் ஓர் ஆலையில் பாய்லர் ஆபரேட்டராக இருந்தவர். அங்கே ஆட்களைக் குறைத்தபோது பெங்களூர் ஏஜென்சி ஒன்றின் மூலம் இந்த வேலை வந்தது. அவருக்குச் சொந்த ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். வீட்டில் பாதி கன்னடம், பாதி தமிழ். நான் விருதுநகர் பக்கத்துக்காரி. கல்யாணத்துக்கு முன்பே வேலை தேடி ஓசூர் வந்துவிட்டேன். வண்டிகளுக்கு வேண்டிய வயர் கட்டுகளைச் செய்யும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். வருகிற ஒவ்வொரு கட்டையும் இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்ற எண்ணத்தோடுதான் கையில் எடுக்க வேண்டும். பல வருஷமாக இதையே செய்வதால், வீட்டுக்கு வந்து கை கால் கழுவிய பிறகும் அந்தப் பார்வை போவதில்லை. கடைக்காரர் தராசை வைத்தால் நான் தராசைப் பார்க்க மாட்டேன், அவர் விரலைத்தான் பார்ப்பேன்.

அவர் கிளம்பும் முன்பு ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்.

"எந்த ஊருங்க அது?"

"அக்ரா. அந்த நாட்டுக்குத் தலைநகரம். கடலோரத்துலயே இருக்குது. ஏர்போர்ட்டு ஊருக்குள்ளயே இருக்குதாம்."

"ஏர்போர்ட் இருக்கிற ஊர்னா போங்க. அதை விட்டுட்டு உள்ள எங்கயாவது போறதா இருந்தா வேண்டாம்."

அவருடைய அக்காவை அஞ்செட்டிக்கு மேலே ஒரு மலைக்கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்தபோது பஸ்ஸைத் தவறவிட்டு, நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். ஆள் இருக்கும் இடத்துக்கு இன்னோர் ஆள் போய்ச் சேர வழி இருக்க வேண்டும் என்பது அன்றைக்கு என் மனதில் பதிந்தது. அவர் தலையாட்டினார். போனார். போன சில வாரங்களில் அக்ராவின் கடற்கரையிலிருந்து வீடியோவில் பேசினார். அலை தெரிந்தது. படகுகள் தெரிந்தன. எனக்கு நிம்மதியாக இருந்தது.

நாங்கள் இருப்பது ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்று. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பேரிகை என்கிற ஊர், தெலுங்குக் குடும்பம். அவளுடைய வீட்டுக்காரரும் அதே ஏஜென்சி வழியாக அதே அக்ராவுக்குப் போயிருந்தார். ஆனால் வேறு கம்பெனி, பிளாஸ்டிக் சாமான் செய்கிற இடம். சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது எங்கள் பேச்செல்லாம் அக்ராவின் விலைவாசியைப் பற்றித்தான் இருக்கும். இந்த ஊரே அப்படிப்பட்ட ஊர். பெட்ரோல் கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கம் மலிவா, அந்தப் பக்கம் மலிவா என்று பார்த்து வண்டியைத் திருப்புகிறவர்கள் நாங்கள். அத்திப்பள்ளியில் வாடகை எவ்வளவு, பாகலூர் ரோட்டில் எவ்வளவு என்று தெரியாத ஆள் இங்கே இல்லை.

"அக்கா, அங்க வாடகைக்கு வூடு கேட்டா ரெண்டு வருசத்துப் பணத்த முன்னாடியே வைக்கச் சொல்றாங்களாம்," என்றாள் அவள் ஒருநாள்.

"பெங்களூர்ல பத்து மாச அட்வான்ஸ் கேட்டதுக்கே நாம வாயடைச்சுப் போனோமே."

"அதாவது திரும்பி வரும் அக்கா. இது வாடகையே. போனது போனதுதான். அஞ்சு பேரு ஒரே ரூம்ல கெடக்கறாங்களாம். தண்ணிகூட பாக்கெட்டுல வாங்கித்தான் குடிக்கணுமாம். கரண்டுக்கு முன்கூட்டியே காசு கட்டணும், தீந்தா இருட்டுதான்."

என் வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னார். அக்ராவில் வாடகை தாங்கவில்லை, சாப்பாடு தாங்கவில்லை என்று. முதல் சில மாதங்கள் வந்த பணமும் அதற்குத் தகுந்த மாதிரிதான் இருந்தது. பிறகு ஒரு மாதம் கொஞ்சம் கூட வந்தது. அடுத்த மாதம் இன்னும் கூட. புலம்பல் மட்டும் மாறவில்லை. வாடகை தாங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே முன்பைவிட அதிகமாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுக்காரியிடம் நான் தொகையைச் சொல்வதில்லை. ஆனால் மகளின் பள்ளிக் கட்டணத்தை ஒரே தவணையில் கட்டியதை அவள் பார்த்துவிட்டாள்.

"உங்க வூட்டுக்காரரு என்ன அக்கா சாப்புடறாரு அங்க? காத்தா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகு சிரிப்பு வரவில்லை.

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிற பெண்ணிடம் வாயை விட்டேன். சேலத்துக்காரி, எதையும் போனில் தேடிப் பார்க்கிறவள். "கானாவா? அங்க தங்கம் அக்கா. ஆத்து மண்ணையே அரிச்சு எடுக்கறாங்க. திருட்டுத்தனமாத் தோண்டி வெளிநாட்டுக்காரங்க மாட்டிக்கறாங்க," என்று வீடியோவையே காட்டினாள். செம்மண் குழம்பாக ஒரு ஆறு. இடுப்பளவு பள்ளத்தில் ஆட்கள். கைவிலங்கு போட்டு நடத்திக்கொண்டு போகிற சிலர். அவர்களில் ஒருவர் என் வீட்டுக்காரர் மாதிரியே முதுகைக் கூனிக்கொண்டு நடந்தார்.

அன்றிலிருந்து அவர் வீடியோவில் வந்தால் முகத்தை விட்டுவிட்டு நகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். மண் இருக்கிறதா என்று. பாய்லர்காரர் நகத்தில் எப்போதும் கரிதான் இருக்கும். கரிதான் இருந்தது. ஆனால் தலைமுடியில் புழுதி படிந்திருந்தது. பின்னால் வானம் நீலமாக இல்லை. கோதுமை மாவைத் தூவிவிட்ட மாதிரி மங்கலாக இருந்தது.

"என்னங்க இவ்வளவு தூசி?"

"பாலைவனத்துப் பக்கமிருந்து காத்து அடிக்குது. இந்த மாசத்துல அப்படித்தான்."

அங்கே மதியச் சாப்பாட்டு நேரம், இங்கே விளக்கு வைக்கும் நேரம், அப்போதுதான் பேசுவார். அந்த நேரத்தில் தினமும் பின்னால் தொழுகை அழைப்பு கேட்கும். ஒரு பள்ளிவாசலிலிருந்து இல்லை, சுற்றிலும் நாலைந்து இடத்திலிருந்து. தலைநகரத்தில் பள்ளிவாசல் இருக்காதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் முன்பு பேசியபோது இப்படிக் கேட்டதில்லை.

ஒரு நாள் தொளதொளவென்று ஒரு சட்டையில் வந்தார். கைத்தறித் துணி, கனமாக, நீலமும் வெள்ளையுமாகப் பட்டைக் கோடு போட்டது.

"இது ஏது?"

"ஒரு அம்மா குடுத்துச்சு."

"எந்த அம்மா?"

"வேலைக்கு வர்ற ஒரு அம்மாதான்மா. கொட்டை வறுக்கற எடத்துல..." என்று தொடங்கியவர், "ஆலையில பெருக்கறவங்க," என்று முடித்தார்.

அக்ராவில் அவர் வேலை பார்ப்பது சோப்புக் கம்பெனி என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார். சோப்புக் கம்பெனியில் எந்தக் கொட்டையை வறுக்கிறார்கள்? கேட்கவில்லை. கேட்டால் அடுத்த முறை பார்த்துப் பேசுவார். அவர் பார்த்துப் பேசக் கூடாது என்று நினைத்தேன்.

தங்கமா, பெண்ணா என்று இரண்டுக்கும் நடுவில் நான் அல்லாடிக்கொண்டிருந்த நாட்களில்தான் பக்கத்து வீட்டுக்காரி அந்தச் செய்தியைக் கொண்டுவந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நம்ம ஊரு ஆளுங்க கோயில்ல கூடுவாங்களாம். உங்க வூட்டுக்காரரு ரொம்ப நாளா வர்றதே இல்லியாம். இவரு போன் பண்ணா ஷிஃப்டுன்னு சொல்றாராம். தப்பா நெனச்சுக்காதீங்க அக்கா. சொல்லணும்னு தோணுச்சு."

தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பது? அவள் முகத்தில் அக்கறை இருந்தது. அக்கறைக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் சந்தோஷமும் இருந்ததோ என்று எனக்குப் பட்டது.

அவரிடம் நேராகக் கேட்பதில் பயனில்லை. வேலையில் ஒரு வயரில் கோளாறு என்றால் இரண்டு முனையிலும் வைத்துப் பார்ப்போம். அப்படியே செய்யலாம் என்று தோன்றியது. பக்கத்து வீட்டுக்காரியிடம், "உங்க வீட்டுக்காரர்கிட்ட அங்க மீன், தக்காளி, கிழங்கு எல்லாம் என்ன விலைன்னு கேட்டுச் சொல்லேன். இவருக்குச் சமையல் பொறுப்பு வந்திருக்காம், ஏமாந்துடப் போறாரு," என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சுலபமாக ஒரு பொய் வந்ததில்லை.

அவள் கேட்டுச் சொன்னாள். அக்ராவில் மீன் மட்டும் பரவாயில்லை, காலையில் படகு வரும்போது போனால் நல்லதாகவே கிடைக்கும். யாம் என்று ஒரு பெரிய கிழங்கு, நம்மூர்ச் சேனை மாதிரி. அது வடக்கேயிருந்து லாரியில் வருவதால் விலை அதிகம், இவர்கள் தொடுவதே இல்லை.

மறுநாள் சாயங்காலம் அவர் கூப்பிட்டார். சாதாரணமாக ஆரம்பித்தேன்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"யாம் வேக வச்சு, காரச் சட்னி."

"நேத்தும் அதுதானே?"

"இங்க அதுதான மலிவு. ரோட்டு ஓரமா மலை மாதிரி குமிச்சு வச்சிருக்காங்க. போன வாரம் கினிக்கோழிகூட வாங்கனோம்."

"மீன் வாங்கலியா?"

"மீனா? மீன் எங்க கெடைக்குது இங்க? ஐஸ்ல வச்சது, இல்லன்னா பொகை போட்டுக் கருக்குனது. அதுவும் யானை விலை."

போனில் அவர் மெல்லுகிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

கோபம் வந்தால் எனக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும். "கடலு எதுத்தாப்புல இருக்குன்னு சொன்னீகளே. அந்தக் கடலு எங்க போச்சு? இப்ப போனைத் திருப்பிக் காட்டுங்க பாப்போம்."

"ஏம்மா, அது வந்து..."

"எந்த ஊர்ல இருக்கீக?"

அவர் போனைத் திருப்பவில்லை. "டமாலே," என்றார்.

அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அவரைக் காக்க வைத்துவிட்டு வரைபடத்தில் தேடினேன். அக்ரா கீழே கடலோரத்தில் இருந்தது. டமாலே வெகு மேலே, வடக்கே. இரண்டுக்கும் நடுவே நாட்டின் பெரும்பகுதி கிடந்தது. கடல் எந்தப் பக்கமும் இல்லை.

பிறகு அவர் எல்லாம் சொன்னார். அக்ராவில் வாடகைக்கே சம்பளம் போயிற்று. கம்பெனிக்கு டமாலேயில் இன்னோர் ஆலை. ஒருவகை மரத்துக் கொட்டையை வறுத்து அரைத்து வெண்ணெய் எடுக்கிறார்கள். சோப்புக்கும் முகத்துக்குப் பூசுவதற்கும் அதுதான் மூலப்பொருள். அங்கே பாய்லருக்கு ஆள் வேண்டும் என்றபோது இவர் கையைத் தூக்கிவிட்டார். சம்பளம் அதேதான். ஆனால் ஆலைக்குள்ளேயே அறை, வாடகை கிடையாது. கிழங்கும் சோளமும் தக்காளியும் அந்தப் பக்கத்திலேயே விளைகின்றன. செலவென்று பெரிதாக எதுவும் இல்லை. மிச்சமானதை அப்படியே அனுப்பினார்.

"இதச் சொல்றதுக்கு என்ன? என்னாத்துக்கு அக்ரா வாடகை, அக்ரா வாடகைன்னு பொலம்புனீக?"

"வடக்குன்னு சொன்னா நீ யூட்யூப்ல பக்கத்து நாட்டுச் சண்டையெல்லாம் பாத்துட்டு நாளைக்கு நாலு போன் போடுவ. ஏர்போர்ட்டு ஊர விட்டு உள்ள எங்கயும் போகாதன்ன. போயிட்டன். அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெர்ல."

"அங்க ஏர்போர்ட் இல்லியா?"

"இருக்குது," என்றார் அவர். "இங்கயும் இருக்குது."

அதையும் தேடிப் பார்த்தேன். இருந்தது. அப்படியானால் அந்தப் பொய்க்கு அவசியமே இருந்திருக்கவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அவசியத்துக்குப் பொய் சொல்கிற ஆளை எங்கே பிடிக்கலாம் என்று தெரியும். அவசியமே இல்லாமல் மாதக்கணக்கில் ஒரு ஊரையே மாற்றிச் சொன்ன ஆளை?

"நம்பமாட்டேன்," என்றேன். "நாளைக்கு மார்க்கெட்டுக்குப் போய்க் காட்டுங்க. அப்புறம்தான்."

போனார். போனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். மஞ்சள் நிற ஆட்டோக்கள் ஓடின. எங்கள் கம்பெனியிலிருந்து அதுபோன்ற வண்டிகளுக்கு வயர்க் கட்டு போகிறது என்பதால் உற்றுப் பார்த்தேன். முக்காடு போட்ட பெண்கள் மோட்டார் சைக்கிளில் சரசரவென்று போனார்கள். யாம் கிழங்குகளை அடுக்கி வைத்திருந்தார்கள், ஒவ்வொன்றும் குழந்தை நீளத்துக்கு. கூறு கட்டி வைத்த தக்காளிக்கு முன்னால் அவர் நின்றார். ராயக்கோட்டைத் தக்காளியைவிடச் சின்னது, நீளவாக்கில் இருந்தது.

"என்ன விலைன்னு கேளுங்க," என்றேன்.

அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார். அந்தத் தக்காளிக்காரப் பெண் விலையைச் சொல்லாமல் போனைப் பார்த்தாள். என்னவோ கேட்டாள்.

"என்ன சொல்றாங்க?"

"போன்ல இருக்கறது யாருன்னு கேக்கறாங்க. எதுக்கு எங்க விலையப் படம் புடிக்கறன்னு கேக்கறாங்க. வரி போடற ஆபீஸாங்கறாங்க."

"பொண்டாட்டின்னு சொல்லுங்க."

சொன்னார். அவள் போனை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்து என்னைப் பார்த்தாள். நெற்றிப் பொட்டு, மூக்குத்தி, பின்னால் கொடியில் தொங்குகிற என் யூனிஃபார்ம், எல்லாவற்றையும் பார்த்தாள். நான் வயரைப் பார்ப்பது போலவே பார்த்தாள். பிறகு அவரிடம் நீளமாக ஏதோ சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"போன வாரம் ஊருக்குப் புதுசுன்னு சொல்லி விலை கொறைச்ச, இப்ப குடும்பத்தையே காட்டி இன்னும் கொறைக்கப் பாக்கறியான்னு கேக்கறாங்க," என்றார் அவர். "இன்னிக்கு விலை கூடவாம்."

அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. அந்த ஊரில் அவரை நம்பாத ஒருத்தி இருக்கிறாள் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. கூடக் கொடுத்தே வாங்கச் சொன்னேன்.

அதோடு தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். பல மாதங்கள் அவர் கூப்பிடும்போதெல்லாம் அறையின் நான்கு மூலையையும் காட்டச் சொன்னேன். சட்டை கொடுத்த அம்மாவைக் காட்டச் சொன்னேன், காட்டினார். பல் விழுந்த, வெயிலில் வறண்ட முகம். அந்த அம்மா ஏதோ வாழ்த்துச் சொல்லிக் கையை ஆட்டினார். லீவில் அவர் ஓசூர் வந்தபோது பெட்டியை நான்தான் பிரித்தேன். அந்தக் கொட்டை வெண்ணெய் இரண்டு டப்பா, எனக்கும் மகளுக்கும் கோடு போட்ட துணி, அழுக்குச் சட்டைகள். பெட்டியின் உள்துணியைக்கூடத் தடவிப் பார்த்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். லீவு முடிந்து மறுபடி டமாலேவுக்கே போனார். இந்த முறை விமான டிக்கெட்டை என்னிடம் காட்டிவிட்டுப் போனார்.

நான் செய்த பிசகு வேறு இடத்தில். தங்கமும் இல்லை, பெண்ணும் இல்லை என்று தெரிந்த சந்தோஷத்தில் பக்கத்து வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவளும் என்னோடு சேர்ந்து சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அப்போ அங்க வாடகையே இல்லியா?" என்றாள்.

"ஆலைக்குள்ளயே ரூம்."

"சாப்பாடும் மலிவு?"

"மீன் தவிர."

அவள் ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டாள். அடுத்த வாரமே அவள் வீட்டுக்காரர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு டமாலேயில் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். இவர் கேட்டுப் பார்த்திருக்கிறார். இடம் இல்லை என்றுவிட்டார்கள். இதை என்னிடம் அவர் சொன்னபோது, நிஜமாகவே கேட்டாரா என்ற எண்ணம் எனக்கே ஒரு நொடி வந்து போனது. அவளுக்கு வராமல் இருக்குமா?

தண்ணீர்க் குழாயடியில் என்னை நிறுத்தினாள்.

"உங்களுக்கு மொதல்லயே தெரியும் அக்கா."

"சத்தியமா எனக்குத் தெரியாது. உன்கிட்டயே வந்து விலை கேட்டேனே."

"அதான். எங்க விலையக் கேட்டுத் தெரிஞ்சுகிட்டீங்க. உங்க விலையச் சொல்லல. எடம் இருந்தப்பவே சொல்லியிருந்தா இவரும் போயிருப்பாரு. இப்ப அஞ்சு பேரோட கெடக்கறாரு."

நான் எவ்வளவோ சொன்னேன். அந்த இடம் எப்போது இருந்தது என்றே எனக்குத் தெரியாது என்றேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு நான் துணி துவைக்கும் நேரத்தில் அவள் வருவதில்லை.

இந்த உகாதிக்கு வெல்லமும் பருப்பும் வைத்த ஒப்பட்டு ஒரு தட்டு வந்தது. அவள் நேராகக் கொண்டுவரவில்லை. வீட்டு ஓனர் அம்மாவிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். "உனக்குத்தான் குடுக்கச் சொன்னா," என்று சொல்லிவிட்டு அவர் போனார். இன்னும் சூடாக இருந்தது, மேலே நெய் விட்டிருந்தாள். மகள் இரண்டு எடுத்துக்கொண்டாள். நானும் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. இவ்வளவு நாள் பேசாமல் இருந்தவள் இதை ஏன் அனுப்பினாள், டமாலேயில் ஏதாவது இடம் காலியாகிவிட்டதா, அது எனக்குத் தெரிவதற்கு முன்பு அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டே மென்றேன்.